தோளில் வந்த கட்டி
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். இன்று நாம் பேச வந்தது உடம்பைப் பற்றி; அதிலும் தோலில் வரும் ஒரு சின்னக் கட்டியைப் பற்றி. சிரிக்காதீர்கள். அந்தச் சின்னக் கட்டி ஒரு குடும்பத்தின் பத்து நாள் சம்பளத்தைத் தின்றதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

அவர் எங்கள் அங்கத்தினர். இருபது வருஷமாகப் பால்மரம் வெட்டியவர். வலது தோளின் பின்புறம், காண்டாக் கம்பு அழுத்தும் இடத்திலே, பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. வலியில்லை, ஆகவே அவர் அதைச் சட்டை செய்யவில்லை. ஐந்தாறு வருஷத்தில் அது கோலிக்குண்டு அளவாயிற்று. பால் வாளியைத் தூக்கும்போதெல்லாம் கம்பு அதன்மேல் உராய்ந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பிதுக்கிவிட்டார். குழைத்த மாவுபோல் கொஞ்சம் வந்தது, துர்நாற்றமும் வந்தது. பிறகு சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து அப்பினார்கள். மூன்றாம் நாள் தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டது.

நாற்றத்துக்கு வெட்கப்பட்டு அவர் பெரட்டுக்கு வரவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. ஏன் என்று கேட்டோம். "போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே" என்றார். ஒரு நாளுக்குப் பயந்தவர் பத்து நாளை இழந்தார். மருத்துவச் சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால், அவருக்காக வாதாட எங்களுக்கும் வழியில்லாமல் போயிற்று.

முடிவில் நாங்களே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். டாக்டர் கீறிச் சீழை வெளியேற்றினார். புண் ஆறியபின் மறுபடி வரச் சொன்னார். வலிதான் போய்விட்டதே என்று இவர் போகவில்லை. ஒரு வருஷத்துக்குள் அதே இடத்தில் அதே கட்டி!

ஏன் திரும்ப வந்தது? தோழர்களே, இது வெறும் சீழ்க்கட்டியன்று. தோலின் மேல்பகுதியிலுள்ள உயிரணுக்கள் உள்ளே சிக்கி, தோலுக்கடியில் ஒரு சிறு பை உண்டாகிறது. தோல் நாள்தோறும் உதிர்க்கும் செதில் வெளியேற வழியின்றி அந்தப் பைக்குள்ளேயே சேருகிறது. கொழுப்புக்கட்டி என்று நாம் சொன்னாலும் உள்ளே இருப்பது கொழுப்பன்று. நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளே. மங்கிலுள்ள பாலை வாளியில் ஊற்றிவிட்டால் மங்கு போய்விடுமா? மறுநாள் மரம் வெட்டினால் மறுபடி நிறையும். அதுபோலத்தான் இதுவும். பை உள்ளே இருக்கும்வரை கட்டி திரும்ப வரலாம்.

பிதுக்கினால் பை உள்ளுக்குள்ளே உடைந்து, சுற்றிலும் அழற்சி பரவும். சுண்ணாம்பு தோலை வேகவைக்கும், பையைத் தொடாது.

டாக்டர் பெரும்பாலும் பார்த்தும் தொட்டுமே இதைக் கண்டுகொள்வார். தோலோடு சேர்ந்து நகரும். நடுவிலே பல சமயம் ஒரு கரும்புள்ளி தெரியும். தொந்தரவில்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். உராய்ந்து தொல்லை கொடுத்தால், அது அமைதியாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, பையோடு முழுமையாக எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சீழ் பிடித்திருந்தால், முதலில் சீழை எடுத்து, சில வாரம் கழித்துப் பையை எடுப்பார்கள். இரண்டாவது வேலையை விட்டுவிடாதீர்கள். நம் தோழருக்கு இரண்டாம் முறை அப்படி எடுத்தபிறகுதான் விடுதலை கிடைத்தது.

ஆனால் எல்லாக் கட்டியும் இதுவென்று நாமே தீர்ப்புச் சொல்லலாகாது. வேகமாக வளர்வது, கல்லைப்போல் கடினமாய் அசையாமல் நிற்பது, தானே புண்ணாகி இரத்தம் கசிவது, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியது போல் நீடித்து நிற்பது: இவற்றை உடனே காட்ட வேண்டும். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள்: "நான் மரம் வெட்டுகிறவன், தோளில் பாரம் தூக்குகிறவன்" என்று. முதுகில் போட்ட தையல் பிரிக்கவே பத்துப் பதினான்கு நாள் ஆகலாம். அதற்குள் பாரம் ஏற்றினால் தையல் விட்டுப்போகும். நம் வேலை இன்னதென்று தெரிந்தால்தான் டாக்டர் தேவையான ஓய்வை எழுதிக் கொடுப்பார்.

அந்த ஓய்வு யாரும் போடும் பிச்சையன்று. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. முதலாளி நியமித்த டாக்டர் பரிசோதிக்கும் செலவும் முதலாளியுடையதே. ஆனால் நாம் செய்ய வேண்டியவை இரண்டு: டாக்டரிடம் சான்றிதழ் பெற வேண்டும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், அனுமதியில்லாமல் வராதவர் என்று கணக்கில் ஏறிவிடும்.

கிராணிமார் நண்பர்களே, இங்கேதான் உங்கள் உதவி தேவை. எழுதத் தெரியாதவர் வந்து சொன்னால், தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதும் இரண்டு வரி ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைக்கும்.

தாய்மார்களே, உங்கள் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றும்போது முதுகைக் கொஞ்சம் பாருங்கள். தன் முதுகு யாருக்கும் தெரியாது. கட்டி கண்டால் கையை வைக்காதீர்கள். ஆளை அனுப்பி வையுங்கள். கூட வர ஆளில்லையென்றால் கிளைக் காரியதரிசியிடம் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.