வேலைக் கள்ளி என்று சொல்லாதீர்கள்
(மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

கொழுந்து மலையில ஒருத்தி கால் மரத்து உட்கார்ந்தா "வேலைக் கள்ளி" என்கிறோம். சில கிழமையில தானாகச் சுகமானா "எல்லாம் நடிப்பு" என்கிறோம். ஆனால் இப்படி வந்து வந்து போவது 'எம்.எஸ்.' என்ற நரம்பு நோயாகவும் இருக்கலாம்.

கரண்ட் வயருக்கு மேல் ரப்பர் இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். கண் மங்கும், கைகால் மரக்கும், கடும் களைப்பு வரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். இது தொற்றாது, செய்வினையும் இல்லை. நம் நாட்டில் இது குறைவு. அதனால் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது.

ஆகவே என்றைக்கு, எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். திடீரென்று வாய் கோணினால், ஒரு பக்கம் விழுந்தால் மட்டும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நோய் எம்.எஸ். என்று டொக்டர் சொன்னால், சர்வதேச எம்.எஸ். சம்மேளனத்தின் விளக்கங்களைப் பிள்ளைகளின் போனில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதே போனில் "பூரண சுகம்" என்று விற்கிற மருந்தை வாங்க வேண்டாம். முழுச் சுகம் இன்னும் இல்லை. தாக்கத்தைக் குறைக்க மருந்து உண்டு. 2023இல் உலக சுகாதார ஸ்தாபனம் அப்படி மூன்று மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது.

அவள் சொல்வதை வீட்டார் முதலில் நம்ப வேணும்.