காற்றைப் பார்த்துக் கம்பியை முறுக்கு

பந்தயப் படகில் பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை இருபக்கக் கம்பிகளும் முன்கம்பியும்தான். காற்று பலத்தால் கம்பியை முறுக்குவார்கள். பாய் தட்டையாகி, படகு அதிகம் சாயாமல் ஓடும். காற்று மெலிந்தால் தளர்த்துவார்கள். பாய் உப்பி, இருக்கிற காற்றை வாங்கிக்கொள்ளும். இறுக்கத்தை அளக்கத் தனிக் கருவியே உண்டு.

சென்னையில் பழகிய கணபதி, வருண் தக்கர் இருவரும் இத்தகைய 'ஃபோர்ட்டி நைனர்' படகில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றனர். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டனர்.

மலாக்கா நீரிணையோ நம் வாசலில் கிடக்கிறது. நாமோ தோட்டத்துப் பிள்ளைகளைக் 'கடல் பக்கம் போகாதே' என்றே வளர்க்கிறோம். பெற்றோர்களே, எந்நேரமும் கம்பியை முறுக்கியே வைத்தால் இளங்காற்றில் படகு ஊராது. முதலில் நீச்சல் பழக்குங்கள். பிறகு உயிர்காப்பு அங்கியை மாட்டிப் படகேற்றுங்கள்.