பலாச்சுளை டார்ட்டும் நம்ம கைக்கூலியும்

(வட்டாரக் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



வீட்டிலேயே பழ டார்ட் செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். பேரைக் கேட்டு மலைக்க வேண்டாம். சோமாஸ் செய்யத் தெரிந்த கைக்கு இது சுலபம்தான். சோமாஸை மூடிப் பொரிக்கிறோம். இதை மூடாமல், கிண்ணம் மாதிரி சுட்டு, உள்ளே கெட்டிப்பால் ஊற்றி, மேலே பழம் அடுக்குகிறோம். அவ்வளவுதாங்க.

நம்ம பண்ருட்டிப் பக்கம் பலாவுக்குப் பஞ்சமே இல்லை. பலா நம் மாநிலப் பழமும்கூட. ஆனா சீசனில் முழுப்பழமாகக் கொடுத்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. வெடித்துப்போன பழத்தைக் கேட்க ஆளே இல்லை, மாட்டுக்குத்தான் போகுது. அந்தப் பழத்திலும் நல்ல சுளை இருக்கும். அதைத்தான் நான் டார்ட்டுக்கு எடுக்கிறேன்.

12 டார்ட்டுக்கு அளவு சொல்றேன், எழுதிக்குங்க. மைதா 150 கிராம், வெண்ணெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை 2 ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் சில்லென்று இருக்கணும். சின்னத் துண்டாக வெட்டி, மாவில் போட்டு, விரல் நுனியால் புட்டு மாவு பதத்துக்கு உதிர்த்துவிடுங்க. பிறகு 2 அல்லது 3 ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர் தெளித்து உருண்டையாகச் சேர்க்கணும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையவே கூடாது. பிசைந்தால் மாவு இழுவை கொடுத்துவிடும், சுட்டதும் ரப்பர் மாதிரி ஆகிடும். உருண்டையை மூடி அரை மணி நேரம் வைத்துவிடுங்க.

பிறகு 12 பங்காக்கி, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் நெய் தடவி, விரலால் அழுத்திப் பரப்புங்க. அடியில் முள்கரண்டியால் குத்திவிட்டால் உப்பாது. அவன் இல்லையே என்று கவலை வேண்டாம். அடிகனமான குண்டானில் ஒரு அங்குலத்துக்கு மணல் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடாக்குங்க. ஒரு தடவைக்கு ஆறு கிண்ணம் வைத்து, மிதமான தீயில் 20 முதல் 25 நிமிஷம் சுட்டால் ஓரம் பொன்னிறமாக வரும். ஆறினதும் தட்டினால் கிண்ணத்தை விட்டு வந்துடும்.

உள்ளே ஊற்ற, தேங்காய்ப்பால் ஒரு டம்ளர், சர்க்கரை 3 ஸ்பூன், கார்ன்ஃப்ளார் 2 ஸ்பூன், ஏலக்காய். கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டினால் கூழ் பதத்துக்குக் கெட்டியாகும். முட்டை இல்லாததால் வெள்ளி, செவ்வாயிலும் சாப்பிடலாம். ஆறவைத்து ஊற்றி, மேலே பலாச்சுளை, மாம்பழம் நறுக்கி அடுக்குங்க. அன்னாசி போடறதா இருந்தால் சர்க்கரையோடு கொஞ்சம் வதக்கிப் போடுங்க, இல்லாட்டி தண்ணி விடும்.

இன்னொரு விஷயம். சுட்ட கிண்ணத்தை மட்டும் காத்துப்புகாத டப்பாவில் ஒரு வாரம்கூட வைக்கலாம். தேங்காய்ப்பால் கலவை அப்படித் தாங்காது. அதனால் விற்கிற அன்னைக்குத்தான் ஊற்றணும், அன்னைக்கே தீர்க்கணும்.

இப்போ கணக்குக்கு வருகிறேன். எங்க ஊர் விலைக்கு மைதா 10 ரூபாய், வெண்ணெய் 45, சர்க்கரையும் கார்ன்ஃப்ளாரும் 10, தேங்காய் 15, கேஸ் 20, பேப்பர் கப்பும் அட்டைப்பெட்டியும் 15, பழம் 30. நம்ம மரத்துப் பழம்தானே என்று விடாதீங்க, அதுக்கும் விலை போடணும். மொத்தம் 145. டவுனில் ஒரு கடைக்காரர் ஒன்றுக்கு 15 ரூபாய் தருவதாகச் சொன்னார். பன்னிரண்டுக்கு 180. கையில் 35 ரூபாய் நிற்குதே, லாபம்தானே என்று தோணும்.

லாபம் இல்லீங்க. இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றது யாரு? மணிக்கு 50 ரூபாய் என்று என் கூலி 100 எழுதினேன். அடக்கம் 245 ஆகிடுச்சு. 15 ரூபாய்க்குக் கொடுத்தால் என் கூலியிலிருந்தே 65 ரூபாய் கடைக்காரருக்குச் சும்மா போகுது. அதனால் கடைக்குக் கொடுக்கவில்லை. பிறந்தநாள், வளைகாப்பு என்று வீட்டுக்கு வீடு ஆர்டர் எடுத்து 25 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். 300 வருது. கூலி போக 55 மிச்சம்.

"வீட்ல சும்மாதானே இருக்கே" என்று எங்க வீட்டுக்காரர் முன்னே சொல்லுவார். நோட்டில் ‘கூலி 100’ என்று எழுதியதைக் காட்டினேன். இப்போ பலா வெட்டிக் கொடுக்க அவரே எண்ணெய் தடவிக்கிட்டு உட்காருகிறார்.

விற்க ஆரம்பிக்கும் முன்னே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துடுங்க. சின்ன அளவில் செய்தாலும் பதிவு கட்டாயம்.

தலைவி அக்காவிடம் ஒரு கோரிக்கை. குழுக்கள் சேர்ந்து வெண்ணெயும் அட்டைப்பெட்டியும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அடுத்த கூட்டத் தீர்மானத்தில் இதை வைக்கணும். தங்கச்சிங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊறுகாயோ, அப்பளமோ, மசாலாப் பொடியோ, எது செய்தாலும் செலவுப் பட்டியலில் முதல் வரியாக உங்க கூலியை எழுதுங்க. நாம எழுதாத கூலியை வேற யாரும் எழுதித் தர மாட்டாங்க.