சுவருக்குள் இருந்த ஈரம்

(அனுப்பம்பட்டில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்த அனுப்பம்பட்டு வழியாகப் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு ஜீப்பின் பின்னால் இழுபட்டுச் செல்லும் நமது பழைய கேரவன் வண்டியை நீங்கள் அறிவீர்கள். மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திய அந்த வண்டிதான் ஏரிக்கரையில் நமது பரிசோதனை அறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின்பு, கர்ப்பிணிச் சகோதரி ஒருவர் அதில் ஏறினார். வாசலருகே தரைப்பலகை அவர் காலடியில் அமுங்கியது. நல்லவேளையாக நர்ஸ் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அதற்கு முந்தின ஆண்டே சுவரில் ஈரக்கறை தெரிந்தது. உங்கள் காணிக்கைப் பணத்தில் அதன்மேல் புதுப் பலகை ஒட்டி வெள்ளையடித்தோம். வெளியே அழகாயிருந்தது, உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருந்தது. தவறு எங்களுடையது.

படகுத் தச்சரான பெரியவர் ஒருவரை அழைத்தோம். அவர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் 'டக்' என்றது. ஊறிய மரம் மந்தமாய் ஒலித்தது. "ஐயா, கறை இருக்கிற இடத்துல ஓட்டை இருக்காது. மேல பாருங்க" என்றார். கூரையும் சுவரும் சேரும் மூலையில் பழைய பசை வெடித்திருந்தது. அங்கே நுழைந்த மழைநீர் சட்டத்தின் வழியே இறங்கி, தரையோரத்தில் தேங்கியிருந்தது. அலுமினியத்தில் இரும்புத் திருகாணி இறங்கிய இடங்களை உப்புக்காற்று அரித்துத் துளைகளைப் பெரிதாக்கியிருந்தது.

முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்தார். பழைய பசையை முழுவதும் சுரண்டி, பியூட்டைல் பசைநாடா வைத்து, துருப்பிடிக்காத எவர்சில்வர் திருகாணிகளை இறக்கினார். பிறகு உட்சுவரைத் திறந்து காயவிட்டார். "காயாம மூடினா திரும்பவும் இதே வேலைதான்" என்றார். மரம் காய்ந்தபின் நல்ல பகுதி வரும்வரை உளுத்ததை வெட்டி, தேக்குத் துண்டு இணைத்து, மரைன் பிளைவுட் தரை போட்டார். பிளைவுட் ஓரத்தில்தான் தண்ணீர் குடிக்கும் என்று, வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் வண்ணம் பூசினார். கூரைமேல் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்த பிறகே உட்சுவரை மூடினார். அதுவரை ஆலயத் திண்ணையில் நோயாளிகளைப் பார்த்தோம்.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், சுவரில் தோஷம் கண்ட வீட்டை ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்கிறான். தோஷம் பட்ட கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைக்கச் சொல்லுகிறான். பூசி மறைக்க அங்கே இடமில்லை. செமினரி நாட்களில் இந்த அதிகாரத்தை வேகமாய்த் தாண்டிப் போனோம்!

இன்றும் வண்டி பழையதாகவே தெரியும். காணிக்கை எங்கே போயிற்று என்று கேட்பீர்களானால், பதில் சுவருக்குள் இருக்கிறது. இனி ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை இணைப்புகளைச் சோதிக்க ஒரு சிறு தொகை ஒதுக்குவோம். அந்த வேலைக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஆனால் அந்த வாசலில் கால் வைக்கும் சகோதரி உறுதியாய் நிற்பார்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.