சிக்கனத்தில் பிறந்த சில்லு



முன்பெல்லாம் வானொலிப் பெட்டியையே நாம் 'டிரான்சிஸ்டர்' என்று அழைத்தோம். உண்மையில் அது பெட்டிக்குள் இருந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு பொருளின் பெயர். கையடக்க வானொலிக்கு ஆறேழு டிரான்சிஸ்டர்கள் போதுமானவையாக இருந்தன. இன்று நம் பிள்ளைகள் பாடம் படிக்கும் டேப்லெட் கணினியில், கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு சில்லுக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. அச்சில்லுதான் கணினியின் மூளை. அதை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதை இன்று காண்போம்.

மேசைக் கணினிக்குச் சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது. சூட்டைத் தணிக்க உள்ளே காற்றாடி சுழல்கிறது. டேப்லெட்டில் காற்றாடிக்கு இடமில்லை. சிறிய பேட்டரி ஒன்றே அதற்கு ஆதாரம். ஆகவே, வேகம் எவ்வளவு என்று கேட்கும்போதே, செலவாகும் மின்சாரம் எவ்வளவு என்றும் வடிவமைப்பாளர் கேட்டாக வேண்டும்.

இந்தச் சிக்கன வழியைக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஏக்கோர்ன் எனும் சிறு நிறுவனத்தில் பணியாற்றிய சோபி வில்சனும் ஸ்டீவ் பர்பரும் ஆவர். அவர்களுக்குத் தாம் கொடுத்தவை பணமின்மையும் ஆளின்மையுமே என்று அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹெர்மன் ஹௌசர் பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. விலை குறைவான பிளாஸ்டிக் உறையில் சில்லை அடைக்க வேண்டியிருந்தது. சூடு மிகுந்தால் அவ்வுறை தாங்காது. எனவே, எளிய கட்டளைகள் சிலவற்றை மட்டுமே கொண்டு இயங்கும் சில்லை அவர்கள் உருவாக்கினர். அதற்கு 'ஆர்ம்' என்று பெயர். 1985 ஏப்ரல் 26ஆம் நாள் அது முதன்முதலில் இயங்கியது. அதில் இருந்தவை ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்கள். அதே ஆண்டில் வெளிவந்த இன்டெல் 386 சில்லில் 2,75,000 இருந்தன.

அச்சில்லின் மின்செலவை அளந்தபோது கருவி பூஜ்யம் என்று காட்டியது. ஆராய்ந்து பார்த்தால், சில்லுக்கு மின் இணைப்பே கிடைத்திருக்கவில்லை! மற்றப் பாகங்களிலிருந்து கசிந்து வந்த சொற்ப மின்சாரத்தைக் கொண்டே அது வேலை செய்துகொண்டிருந்தது.

இன்றைய டேப்லெட்டுகள் பெரும்பாலானவை இந்த ஆர்ம் வழியில் வந்தவையே. 2010இல் வெளிவந்த முதல் ஐபேட்டும் அப்படித்தான்.

ஒரு மூட்டை அரிசியை ஏற்றிவர லோரி வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் போதும். சில்லிலும் இதே கணக்குதான். 2021ஆம் ஆண்டின் ஐபேட் புரோவில் உள்ள எம்1 சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அதில் கணக்கிடும் பகுதிகள் எட்டு. நான்கு, வேகம் மிக்கவை, நான்கு, சிக்கனமானவை. கடிதம் படிப்பது போன்ற சிறு வேலைகளைச் சிக்கனமானவை கவனிக்கும். பளுவான வேலை வந்தால் மற்றவை கைகொடுக்கும். படம் காட்டுவதற்குத் தனிப் பகுதி உண்டு. வேலையில்லாத பகுதிக்கு மின்சாரம் நிறுத்தப்படும், ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது போல.

நேயர்களே, நம் நாட்டுக்கும் சில்லுக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1972இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் ஆலை திறந்தது. அன்று முதல் சில்லுகளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் மலேசியர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால், வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் வருவாய் பொருத்துபவருக்குக் கிடைப்பதில்லை. மரம் சீவியவருக்கும் டயர் விற்றவருக்கும் இருந்த வேறுபாட்டை நாம் அறியாதவர்களா?

2025 மார்ச் மாதத்தில் மலேசிய அரசாங்கம் ஆர்ம் நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் செலுத்தி, வடிவமைப்பு நுட்பங்களைப் பெறுவதே அதன் நோக்கம். 10,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் அதில் அடங்கும்.

அந்தப் பத்தாயிரம் பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? அதற்கான விடை இன்றே நம் வீட்டில் தொடங்குகிறது. நான்காம் படிவத்தில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் கடினம் என்று பிள்ளை ஒதுங்கினால், ஆசிரியரைக் கண்டு பேசுவோம், துணிவூட்டுவோம். பணமும் ஆளும் குறைந்த ஓரிடத்தில்தான் அந்தச் சில்லு பிறந்தது என்பதையும் எடுத்துச் சொல்வோம். டேப்லெட்டில் விளையாடத் தெரிந்த பிள்ளைக்கு, அதன் மூளையை வரையவும் ஒரு நாள் தெரியட்டும்.