தேயிலை மலையின் கார்த்திகைப் பெண்கள்

(ஆலய ஆண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முருகப் பெருமானின் பெருமைகளுள் ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். சமயச் சொற்பொழிவாற்றும் தகுதி எனக்கில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்த தமிழும், அரசாங்க அலுவலகக் கோப்புகளோடு கழித்த இருபது ஆண்டுகளுமே என் கைம்முதல். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றியே பேச விழைகிறேன். அது பிள்ளை வளர்ப்பு.

சரவணப் பொய்கையில் ஆறு தாமரை மலர்களின் மீது ஆறு குழந்தைகளாகத் தவழ்ந்த பெருமானுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்பதை நாம் அனைவரும் அறிவோம். பின்னர் உமையம்மை வந்து ஆறு திருமேனிகளையும் ஒருசேர எடுத்து அணைக்க, ஆறுமுகன் என்னும் ஒரே பிள்ளையானான். நாம் கேட்கும் கதைகளில், அந்த அணைப்பு முடிந்ததும் பேச்சு நேரே வீரவாகுதேவருக்கும் சூரபத்மனுக்கும் தாவிவிடும். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பொய்கைக் கரையில் நின்ற அந்த ஆறு பெண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சிவபெருமான் மறந்தாரில்லை. வளர்த்தவர்களின் பெயராலேயே பிள்ளைக்குக் கார்த்திகேயன் என்ற திருநாமம் விளங்கச் செய்தார். கார்த்திகை நாளில் நோன்பிருப்போர்க்கு அருள் கிட்டும் என்றும் வரம் தந்தார். பெற்றவள் பெயரோடு வளர்த்தவர்கள் பெயரையும் தாங்கி நிற்பவன் நம் தெய்வம்.

இந்தக் கேமரன் மலைக்கு அந்தப் பெயரைத் தந்த வில்லியம் கேமரன் இங்கு வந்து அளவெடுத்துச் சென்றது 1885-இல். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மலைச்சாலை முடிந்தது 1931-இல். அதற்கு ஈராண்டு முன்னரே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். காட்டை அழித்து, சரிவுகளில் படிபடியாய்த் தேயிலைக் கன்று ஊன்றியவர்களுள் நம் முன்னோர் பலர். இவை மலர்களிலும் மாநாடுகளிலும் பலமுறை சொல்லப்பட்டவை. அவர்கள் கன்று ஊன்றிய நேரத்தில் அவர்களுடைய கைக்குழந்தை எங்கே இருந்தது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

என் பாட்டி 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. மறு ஆண்டே, 1938-இல், மலாயாவுக்கு உதவிபெற்று வரும் தொழிலாளர் பயணத்தை இந்திய அரசாங்கம் தடை செய்துவிட்டது. அதனால், பின்னால் வருகிறேன் என்று சொன்ன என் பாட்டியின் தாயார் வரவே இல்லை. பிள்ளைப்பேறு பார்க்கத் தாயில்லை, காய்ச்சல் கண்டால் கேட்க மாமியாரில்லை. ஊரில் வெயிலில் காயப்போட்ட துணி அரை மணியில் மொறமொறவென்று ஆகிவிடும். இங்கே மூன்று நாள் பனியில் தொங்கினாலும் ஈரம் போகாது. குழந்தையின் துணிகளை இரவெல்லாம் கரியடுப்பின் மேல் பிடித்துக் காய வைத்ததாகப் பாட்டி சொல்வார். வேலைக்காட்டில் மரக்கிளையில் சேலையைக் கட்டித் தூளி போட்டுவிட்டுக் கொழுந்து பறிப்பாராம். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் குழந்தையின் காலில் மூன்று அட்டைகள். அந்தத் தழும்பை என் பெரிய அத்தை எழுபது வயதிலும் எங்களுக்குக் காட்டுவார், ஏதோ பதக்கத்தைக் காட்டுவது போல.

பாட்டி கடைசிவரை இந்த நாட்டை ‘அக்கரை’ என்றே சொல்லி வந்தார். அறுபது ஆண்டுகள் வாழ்ந்த இடம் எப்படி அக்கரையாகும் என்று நான் கேலி செய்ததுண்டு. பிள்ளை எங்கே தூங்குகிறதோ அதுதான் ஊர், எனக்கு ரெண்டு ஊர் என்பார். அவருடைய இரண்டாம் குழந்தை ஒன்று நாட்டில், தஞ்சைச் சீமையில், இரண்டு வயதில் இறந்து அங்கேயே அடக்கமானது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் தாயார் காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை வந்துவிட்டது. இளைஞர்களுள் பலர் அந்தச் சொல்லையே கேட்டிருக்க மாட்டீர்கள். ‘ஆயா’ என்பது போர்த்துகீசியர் நம்மிடம் விட்டுச்சென்ற சொல். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் வாயில் அது தூய தமிழாகவே ஒலித்தது. லயத்தின் கடைசியில் பலகை அடித்த நீண்ட கூடம். உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். சிலவற்றில் ஊர்ச் சேலை. சிலவற்றில் மலாய்க்காரர்களிடம் கற்றுக்கொண்டபடி சாரோங் துணியும் ஸ்பிரிங்கும். ஒரு கையால் ஒரு தூளியை ஆட்டிக்கொண்டே காலால் இன்னொன்றைத் தள்ளிவிடும் வித்தை அந்த ஆயாமார்களுக்கு மட்டுமே கைவந்தது. மூலையில் பால் காய்ச்சும் அலுமினியப் பாத்திரம். சாம்பிராணி, காயு பூத்தே எண்ணெய், ஈரத்துணி மூன்றும் கலந்த ஒரு மணம். இன்றும் எங்கேனும் அந்த மணம் வந்தால் என் கண்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன.

விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுவார். சோறாக்கி, தேநீர் போட்டு, பிள்ளைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே கொட்டகைக்கு ஓட வேண்டும். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பெயர் இல்லை. பெயர் இல்லையென்றால் கூலியில்லை. அக்காலச் சட்டப்படி பேறுகால விடுமுறை அறுபது நாள். நான் பிறந்த அறுபத்தோராம் நாள் காலையில் கொட்டகைத் தூளியில் இருந்தேன். (இப்போது, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து, அது தொண்ணூற்றெட்டு நாள் ஆகியிருக்கிறது. மகிழ வேண்டிய செய்தி.) பக்கத்துச் சரிவில் வேலையென்றால் பத்து மணிக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாராம். தூரத்துச் சரிவில் வேலை விழுந்துவிட்டால் வர முடியாது. மார் கட்டிக்கொண்டு வலி பொறுக்காமல், தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்து பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டதாக அம்மா ஒரே ஒரு முறை, என் மகள் பிறந்தபோது, என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை.

அந்த நேரத்தில் எனக்குப் பால் புகட்டியவர் எங்கள் ஆயம்மா. இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். எனக்கு மூன்று வயது இருக்கும். மாலையில் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை அழைக்கக் கை நீட்டுகிறார். நான் போகவில்லை. ஆயம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இவங்க வேணாம் என்று அழுதேனாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் ஆயம்மா சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி அம்மாவின் இடுப்பில் வைத்து, என் கையை எடுத்து அம்மாவின் கன்னத்தில் ஒட்ட வைத்து, யார் பிள்ளை, யார் பிள்ளை என்று நான் ‘அம்மா பிள்ளை’ என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதன் பிறகு தினமும் மாலையில் எல்லாப் பிள்ளைகளிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். கார்த்திகைப் பெண்கள் உமையம்மையிடம் பிள்ளையை எப்படிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் தோன்றுகிறது.

இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். ஒன்றுக்குச் சளி, ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு, ஒன்று ஓயாமல் அழும். தோட்டத்து டிரஸ்ஸரிடம் ஓடுவதும், அவர் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னால் வேலைக்காட்டுக்கு ஆள் அனுப்பித் தாயை வரவழைப்பதும் அவர் பொறுப்பு. பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் எங்களைக் கொண்டுபோய் விட்டதும் அவரே. ஆசிரியர் எங்களுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே, முருகா என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

நாங்கள் ஆயம்மா என்று மட்டுமே அழைத்தோம். அவருடைய இயற்பெயரை நான் முதன்முதலாக அறிந்தது அவரது காரியப் பத்திரிகையில்தான். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு.

கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குறை சொல்லும் நோக்கத்தில் இதைச் சொல்லவில்லை. நம்மவர் படித்தார்கள், மலையிறங்கினார்கள். பிள்ளைகள் குறைந்தால் தூளிகளும் குறையத்தானே வேண்டும்? தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. சட்டம் இருக்கிறது, தூளியில் கிடக்கப் பிள்ளை இல்லை.

இன்று கொழுந்தெடுப்பவர்கள் யார்? கையால் பறித்த காலம் போய், கத்தரி வந்து, இப்போது இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் இயந்திரம் வந்துவிட்டது. அதைப் பிடித்திருப்பவர்களுள் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தற்காலிக வேலை அனுமதியில் வருவோர் மனைவி மக்களை உடன் அழைத்து வர விதி இடந்தருவதில்லை. அரசு ஊழியனாகிய நான் விதியைப் பற்றிக் கருத்துரைப்பதற்கு இது இடமன்று. ஆனால் கண்ணால் கண்டதைச் சொல்லலாம் அல்லவா? சென்ற ஆண்டு பழைய லயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டின் திண்ணையில் ஓர் இளைஞர், பனிக்குல்லாய் அணிந்து, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அலைவரிசை தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் திரையில் ஒரு சிறு குழந்தை. அவர் ஒரு கொழுந்தை எடுத்துக் காட்டினார். குழந்தை அதைப் பிடிக்கத் திரையில் கையை அடித்தது. இரண்டே நிமிடம், பனி இறங்கியது, தொடர்பு போய்விட்டது. பெயரென்ன என்று மலாயில் கேட்டேன். தம் பெயரைச் சொல்லவில்லை. குழந்தையின் பெயரைச் சொன்னார்.

என் பாட்டிக்கு இருந்த துன்பங்கள் அவருக்கு இல்லை. என் பாட்டிக்கு இருந்த ஒன்று அவருக்கு இல்லவே இல்லை.

அதற்காக நம் நிலை மிக உயர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. புத்ராஜெயாவில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகளைத் தஸ்காவில் விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு வாகன நெரிசலில் தவித்தபடி ஓடுகிறோம். அங்கும் பெரட்டுதான், பிந்தினால் அபராதம். அம்மாவை அழைத்து வந்து மூன்று மாதம் வைத்திருந்தேன். பதினோராம் மாடி. சன்னலைத் திறந்தால் வெக்கை. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. “இதுதான் தம்பி எனக்கு வெளிநாடு” என்று சொல்லிவிட்டு மலைக்கே திரும்பிவிட்டார். ஒருநாள் இரவு என் மகள் தூக்கத்தில் தஸ்கா ஆசிரியையைக் கூப்பிட்டு அழுதாள். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. பிள்ளைகளிடம் மிகுந்த அன்புடையவர். என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. நான் அந்தப் பழைய கதையைச் சொன்னேன். மறுநாள் மாலை தஸ்கா வாசலில் மகளின் கையை எடுத்து என் மனைவி தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

செயலவையினருக்கு ஒரு விண்ணப்பம். நம் ஆலயச் சுவரில் திருப்பணிக்கு நன்கொடை அளித்தவர்களின் பெயர்கள் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பொருத்தமே. நாம் தைப்பூசத்தில் தோளில் சுமந்து வரும் கரும்புத் தொட்டில்களுக்குக் கூட உபயக்காரர் பெயர் அறிவிக்கிறோம். நம்மைத் தூளியில் ஆட்டிய ஆயாமார்களின் பெயர்கள் எங்கும் இல்லை. கல் வேண்டாம், ஆலயக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் போதும். திருக்கார்த்திகையன்று ஓர் அர்ச்சனை அவர்கள் பெயரில் நடக்கட்டும். என் குடும்பத்தின் சார்பில் இவ்வாண்டு உபயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பழைய பெரியவர்களிடம் விசாரித்ததில் இதுவரை நான்கு பெயர்கள் கிடைத்துள்ளன. தலைவர் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். ஐந்தாமவர் 1960-களில் மேட்டு லயத்துக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். காது வளர்த்துத் தண்டட்டி அணிந்திருப்பார், பிள்ளைகளுக்கு நெற்றியில் பெரிதாக விபூதி பூசுவார் என்கிறார்கள். பெயர் மட்டும் யாருக்கும் நினைவில் இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமார்களில் யாருக்கேனும் தெரிந்தால், அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் இருப்பேன், தயவுசெய்து வந்து சொல்லுங்கள்.