கைவிடக் கூடாத இரத்தப் பரிசோதனை



உயிரியல் வகுப்பில் சூல்வித்தகம் என்ற சொல்லை நாம் எல்லோரும் மனனம் செய்தோம். தாயிடமிருந்து பிள்ளைக்கு உணவு சேர்க்கும் அந்த உறுப்பின் கலங்களிலேயே, மிக அரிதாக, ஒரு புற்றுநோய் தோன்றும். கோரியோகார்சினோமா என்பது அதன் பெயர்.

ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தின் பின் வருகிறது. கரு ஒழுங்காக வளராமல், திராட்சைக் குலை போன்ற நீர்க்கொப்புளங்கள் கருப்பையை நிரப்பும் கர்ப்பம் அது. கருச்சிதைவின் பின்னரும், சுகப்பிரசவத்தின் பின்னரும்கூட இந்நோய் வரலாம். இரத்தத்தில் கலந்து விரைவில் நுரையீரலுக்குப் பரவும். முன்னர், பரவியபின் பிழைத்தவர்கள் மிக அரிது.

1956இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் வைத்தியர்கள் மின் சியு லீயும் ரோய் ஹேட்ஸும் மெதோட்ரெக்ஸேற் மருந்தினால் அப்படிப் பரவிய நோயை முற்றாக மறையச் செய்தனர். கட்டி மறைந்தாலும், எச்.சீ.ஜீ. ஓமோன் இரத்தத்தில் இருக்கும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்று லீ பிடிவாதமாக நின்றார். அதனால் வேலையையும் இழந்தார். 1972இல் இப்பணிக்காக லாஸ்கர் பரிசு பெற்றவர்களுள் இருவரும் இருந்தனர்.

இன்று ஆபத்துக் குறைந்த நிலையில் அநேகமாக எல்லோரும் குணமடைகின்றனர். பலருக்கு அந்த ஒரே மருந்து போதும். முற்றிய நிலையிலும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். பெரும்பாலும் கருப்பையை அகற்ற வேண்டியதில்லை. பின்னர் பிள்ளை பெற்றவர்கள் பலர்.

நான் பயிற்சி வைத்தியராக இருந்தபோது, முத்துப்பிள்ளை அகற்றப்பட்ட இளம் பெண்ணொருவர் இரண்டு கிழமை கிளினிக்குக்கு வந்தார், பிறகு வரவில்லை. “உடம்பு நல்லாய்த்தானே இருக்கு, ஏன் கிழமைக்குக் கிழமை பஸ் ஏறி அலையிறாய்?” என்று வீட்டில் கேட்டார்களாம். நான்கு மாதத்தின்பின் இருமலில் இரத்தத்தோடு வந்தார். பல மருந்துகள், பல மாதங்கள், உதிர்ந்த தலைமுடி. உயிர் தப்பினார். ஒழுங்காக வந்திருந்தால் ஒரு மருந்தோடு முடிந்திருக்கலாம்.

ஆகவே சகோதரிகளே, முத்துப்பிள்ளை அகற்றப்பட்டவர், வைத்தியர் போதுமென்று சொல்லும்வரை ஓமோன் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அதுவரை மறுபடி கர்ப்பம் தரிக்கவும் கூடாது. கர்ப்பத்திலும் அதே ஓமோன் ஏறுவதால் நோயைப் பிரித்தறிய முடியாது. பிரசவத்தின் பின்னோ கருச்சிதைவின் பின்னோ இரத்தப்போக்கு நில்லாதிருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

மகளுக்கும் மருமகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அலைச்சலென்று சொல்லாமல், அவர்களுடன் பஸ்ஸிலும் ஏறுங்கள்.